கம்ப்யூட்டருக்கு ராகு காலம் பார்த்த கண்ணகி

சாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உரக்கடையைத் தாண்டினால் கண்ணகியின் கடை. ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், இன்டர்நெட் என்று மஞ்சள் போர்டு பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டர். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அந்த ஒன்றை நம்பித்தான் சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு ஊருக்குப் பட்டா மனுவும், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையும், வேலைக்குப் போடும் விண்ணப்பமும் ஓடிக்கொண்டிருந்தன.

கண்ணகி உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் படித்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.காம். முடித்தாள். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள். அடித்துக்கொண்டே வாசலில் போகிறவளிடம் கீரை என்ன விலை என்று கேட்பாள். ஒரு எழுத்துப் பிசகாது. ஆனாலும் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுக்கும்போது, "பேரு சரியா கீதான்னு பாத்துக்கோ. அப்பறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்வாள். கலெக்டரே வந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்காமல் பேப்பரை வாங்கிக்கொண்டு போக முடியாது.

அவள் கையால் விண்ணப்பம் போட்டு வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "அக்கா, ஒங்க கைராசி" என்பார்கள். வாங்கி ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்வாள். அந்தக் கைராசி சொந்தக்காரிக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய்க் கழனிப்பானையில் விழுமாம்.

அந்த செப்டம்பரில் ஒரு வங்கி கிளார்க் வேலைக்கு ஆள் எடுத்தது. இன்டர்நெட்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க வேண்டும். வயது வரம்பைப் பார்த்ததும் கண்ணகி விரல் விட்டு எண்ணினாள். அவள் பிறந்தது எழுபத்தேழு அக்டோபர். இந்தத் தடவை வரம்புக்குள் வருகிறாள், அதுவும் ஒரு மாசம் மிச்சத்தில். அடுத்த தடவை கிடையாது. இதுதான் கடைசி.

"போடு. ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கற, ஒனக்குப் போட்டுக்கிறதுக்கு இன்னா?" என்றான் புருஷன் சின்னராசு. டிராக்டர் ஓட்டுகிறவன், பேச்சுக் கம்மி. அவன் இவ்வளவு பேசியதே பெரிது. கண்ணகி அன்று ராத்திரி சாதம் பரிமாறும்போது இரண்டு தரம் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமையே பணம் கட்டிச் செலானும் வாங்கிவிட்டாள். கடைசி நாள் புதன்கிழமை, சாயந்திரம் ஐந்து மணி. சனிக்கிழமை நல்ல காரியம் தொடங்கக்கூடாது. ஞாயிறு டெலிபோன் லைன் செத்துக் கிடந்தது. திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. ராமனும் கிருஷ்ணனும் பிறந்தே உருப்படாத திதிகள், இவள் எம்மாத்திரம்? புதன் தசமி. "பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காது" என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசி நாளாக இருந்தால் என்ன, ஐந்து மணி வரை நேரம் கிடக்கிறதே!

படித்தவள் இப்படியா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அவள் கடைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான். ராகு காலத்தில் ஒரு ஆள் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க மாட்டான். விண்ணப்பத்தை நீட்ட மாட்டான். வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டு காலண்டரைக் கேட்பான். அந்த ஒன்றரை மணி நேரமும் கண்ணகி ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். இதை வைத்துத்தான் எட்டு மாசத்துக்கு முன்னால் அவள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தாள்.

அதற்கு முந்தி கடையில் ஒரு அனர்த்தம். ஏனாத்தூரில் படிக்கும் பையன் ஒருவன் பென் டிரைவைச் செருகினான். அதிலிருந்த வைரஸ் இறங்கி, அவன் புராஜெக்ட்டையும் தின்றது, கண்ணகி மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஃபைல்களையும் தின்றது. அழுதுகொண்டே காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டாள். சர்வீஸ்காரன் மோகன்குமார் பைக்கில் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆன்டி வைரஸ் போட்டுக் கொடுத்தான். வைரஸ் வரவில்லை, சரி. ஆனால் தினமும் அந்த ஆன்டி வைரஸ் ஸ்கேன் என்று ஓட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் சேற்றில் இறங்கின வண்டி மாடு மாதிரி நின்றுவிடும். ஒரு எழுத்து அடித்தால் அது திரையில் வருவதற்குள் வெற்றிலை மென்று துப்பிவிடலாம்.

மறுபடியும் மோகன்குமார் வந்தான். "பழைய மெஷின்க்கா, மெமரி கம்மி. ஸ்கேன் ஓடச்சே ஒண்ணியும் பண்ண முடியாது. யாரும் வேலை செய்யாத நேரமா சொல்லுங்க, அந்த நேரத்துக்கு மாத்தி வுட்டுர்றேன். ராத்திரி ஆன்ல வெச்சிட்டுப் போறீங்களா?"

"ஐயோ, இடி மின்னல் அடிச்சா? பிளக்கைப் புடுங்காம நான் வூட்டுக்குப் போனதே இல்ல."

"அப்ப பகல்ல யாரும் வராத நேரம்?"

கண்ணகி ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். "ராகு காலத்துல போடு."

மோகன்குமார் சிரித்த சிரிப்பில் பக்கத்து உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் கச்சிதமான யோசனை. ஸ்கேன் முடிய ஒன்றரை மணி நேரம், ராகு காலமும் ஒன்றரை மணி நேரம். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நேரம் போட்டுக் கொடுத்தான். "நடுவுல கரண்ட் போயி வுட்டுப்போச்சின்னா, மெஷின் ஆன் ஆன ஒடனே தானா ஓடற மாரி டிக் பண்ணிக்கீறேன். ஒரு நாளும் தப்பாது. வர்றவங்க யாரும் நிறுத்திடாம இருக்க பாஸ்வேர்டும் போட்டுக்கீறேன்" என்றான். கண்ணகிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

எட்டு மாசம் கடிகாரம் மாதிரி ஓடியது. கம்ப்யூட்டரே ராகு காலம் பார்க்கிறது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. கண்ணகிக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் புதன்கிழமை தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, எட்டரைக்கே கடை திறந்தாள். ஒன்பதரையிலிருந்து பத்தரை நல்ல நேரம். செலானையும் சர்டிபிகேட்டுகளையும் மேசைமேல் அடுக்கி வைத்தாள். ஒன்பதே காலுக்கு ஜீவா வந்து நின்றாள்.

ஜீவா ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்புப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. அந்தக் குடியிருப்பில் டிகிரி முடித்தவள் இவள் ஒருத்திதான். ஜாதிச் சான்றிதழ் வாங்க இரண்டு வருஷம் நடந்திருக்கிறாள். அது கைக்கு வந்ததே முந்தின நாள்தான். அவளும் அதே வங்கி வேலைக்குத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்குத்தானே கடைசி? இப்ப போட முடியுமாக்கா? நீங்க ஏதோ வேலையா கீறீங்க போல..."

கண்ணகி தன் செலானைப் பார்த்தாள். அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களை நிறுத்தி வைத்துவிட்டுச் சொந்த வேலை பார்க்க மாட்டாள். "என்னுது கெடக்குது, அப்பறம் போட்டுக்கறேன். ஒக்காரு" என்று தன் காகிதங்களை ஓரமாக ஒதுக்கினாள்.

அந்த விண்ணப்பம் லேசுப்பட்டதில்லை. நாலு பக்கம். டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூச்சு வாங்கியது. போட்டோ சைஸ் பெரிது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. நல்ல நேரம் முழுக்க ஜீவாவுக்கே போயிற்று. பதினொன்றே முக்காலுக்கு ரிஜிஸ்டர் நம்பர் வந்தது. ஜீவா இரண்டு கையையும் கூப்பி கம்ப்யூட்டரைக் கும்பிட்டாள். பிரின்ட் எடுக்கலாம் என்று பார்த்தால் பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. "நாலு மணிக்கு வா, எடுத்து வெக்கறேன்" என்று கண்ணகி அவளை அனுப்பிவிட்டுத் தன்னுடைய பக்கத்தைத் திறந்தாள்.

பெயர் அடித்தாள். அப்பா பெயர் அடித்தாள். பிறந்த தேதி அடிக்கும்போது மின்விசிறி நின்றது.

அந்த வாரத்திலிருந்துதான் தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் கிடையாது என்று ஆரம்பித்திருந்தது. அவளுக்குத் தெரியாததில்லை. ஜீவாவின் போட்டோ சண்டையில் மணியை மறந்துவிட்டாள். யூ.பி.எஸ். பத்து நிமிஷம் கீ கீ என்று கத்திவிட்டுப் படுத்தது. சரி, ராகு காலம் பிறந்துவிட்டது, இது போவதும் நல்லதுக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவள் தேற்றிக்கொண்டது இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை.

கரண்ட் இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டரைக்கு வந்தது. ஓடிப்போய் ஆன் செய்தாள். திரை வந்தது, படங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன, கூடவே மூலையில் ஒரு சின்னப் பெட்டியும் முளைத்தது. விட்டுப்போன ஸ்கேன் தொடங்குகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அட எழவே!" என்றாள் கண்ணகி. பன்னிரண்டு மணிக்கு ஓடவேண்டியது முழுசாக ஓடவில்லையாம். கடமை தவறக்கூடாதாம்!

இரண்டே முக்காலுக்கு உத்திரமேரூர் பஸ் வந்து நின்றது. ஏறிப் போனால் அங்கே இரண்டு மூன்று பிரவுசிங் சென்டர் உண்டு. கண்ணகி செலானை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். அப்புறம் கணக்குப் போட்டாள். ஸ்கேன் ஒன்றரை மணி நேரம், நாலு மணிக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் முழுசாக ஒரு மணி நேரம் இருக்கிறது. அங்கே போனால் அங்கே எந்த நேரம் கரண்ட் இல்லையோ, எத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்களோ. இங்கே இருப்பது சொந்த மெஷின். கண்டக்டர், "வர்றியாம்மா, இன்னா?" என்றான். "இல்ல, போங்க" என்றாள். பஸ் போயிற்று.

மூன்றரைக்கு ஸ்கேன் அறுபத்தைந்து சதம். அவளுக்குத் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தது. ஒரே வினாடி! மத்தியானம் காலியான யூ.பி.எஸ். தாங்கவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து தானாக எழுந்தது. படங்கள் முளைத்தன. பெட்டி முளைத்தது. பூஜ்யம் சதம்.

 நிறுத்து என்ற பொத்தானை அமுக்கினாள். பாஸ்வேர்டு கேட்டது. மோகன்குமாருக்குப் போன் போட்டாள். அவன் திருப்புட்குழியில் தங்கச்சி மகளின் மஞ்சள் நீராட்டில் இருந்தான். பின்னால் நாயனமும் தவிலும் காதைப் பிளந்தன.

"இன்னாக்கா? ஒண்ணும் கேக்கலையே!"

"பாஸ்வேர்டு சொல்லு! ஸ்கேனை நிறுத்தணும்!"

"என் பொண்ணு பேருக்கா. அபிநயா. எல்லாம் சின்ன எழுத்து. கடைசில ரெண்டாயிரத்து அஞ்சு."

"வேற வழி இன்னா கீது? ஒரேயடியா எடுத்துட முடியாதா?"

"எடுக்கறதுக்கும் அதே பாஸ்வேர்டுதான்க்கா. மெதுவா அடிங்க, அவசரப்படாதீங்க. இதோ மாமன் சீர் வெக்கக் கூப்புடறாங்க..." போன் கட்டாயிற்று.

மெதுவாக அடிக்க வேண்டுமாம். மெதுவாகத்தான் அடித்தாள். ஆனால் ஸ்கேன் ஓடுகிற மெஷினில் எழுத்துப் போய்ச் சேர வேண்டுமே! ஒரு எழுத்தை அடித்துவிட்டு, பெட்டியில் புள்ளி விழுகிறதா என்று காத்திருந்தாள். விழவில்லை. மறுபடியும் அடித்தாள். இரண்டும் சேர்ந்து விழுந்தன. எத்தனை புள்ளி, எந்தப் புள்ளி எந்த எழுத்து, யாருக்குத் தெரியும்? தவறு என்றது. அழித்துவிட்டு மறுபடி. தவறு. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்து ஹையர் பாஸ் பண்ணினவளுக்கு ஒரு குழந்தையின் பெயரை அடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவையும் தவறு என்றதும், ஒரு மணி நேரத்துக்கு இனி முயற்சி செய்ய முடியாது என்று பெட்டி மூடிக்கொண்டது. மணி நாலே கால்.

பிளக்கைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. உத்திரமேரூருக்கு அடுத்த பஸ் நாலே முக்காலுக்கு. போய்ச் சேருவதற்குள் ஐந்தரை ஆகும். சின்னராசுவுக்குப் போன் போட்டாள். அவன் டிராக்டர் சத்தத்தில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவன்தான் என்ன செய்வான், பாவம்.

ஸ்கேன் ஓட ஓடவே விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள். வங்கியின் பக்கம் மேலேயிருந்து விரற்கடை விரற்கடையாக இறங்கியது. முதலில் வங்கியின் பெயர். அப்புறம் பாதிப் படம். அப்புறம் வெள்ளை. கண்ணகி நெற்றியில் கை வைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜீவா வந்தாள். பிரின்டுக்கு வரச்சொன்னது நாலு மணிக்கு, கொஞ்சம் பிந்தி வந்திருந்தாள்.

"இன்னாக்கா, முடிச்சிட்டீங்களா ஒங்குளுது?"

 ஜீவா திரையைப் பார்த்தாள், மேசையில் கிடந்த செலானைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "என்னுத மொதல்ல போட்டுட்டீங்களேக்கா" என்றாள், குரல் இறங்கி.

சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் கண்ணகிக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீ ஒரு மணி நேரம் பிந்தி வந்திருந்தால் என்னடி, ஒரு வாரம் முந்தியே அந்தக் கோட்டாட்சியர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் என்ன, என்று வயிறு எரிந்தது. ஜீவாவுக்கு வயது இருபத்தொன்று. இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது அவளுக்கு! பிரின்டரில் சிக்கியிருந்த பேப்பரைக் கண்ணகி பிய்த்து எடுத்து எறிந்தாள். பிரின்ட் பொத்தானை அமுக்கினாள். அதுவும் நகரவில்லை.

"அதுவும் வரலடி. ஒக்காரு" என்றாள்.

ஜீவா உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

நாலே முக்காலுக்கு விண்ணப்பத்தின் முதல் கட்டம் தெரிந்தது. கண்ணகி பெயரை அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அப்பா பெயர் மாசிலாமணி பாதி வந்தது. ஜீவா தன்னை அறியாமல் "வா, வா, வந்துடு" என்று மாட்டை அதட்டுவது போல முணுமுணுத்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்குப் பிறந்த தேதிக் கட்டத்தில் எழுபத்தேழு என்று விழுந்தது. இன்னும் மூன்று பக்கம் பாக்கி. கண்ணகி அடுத்து என்ற பொத்தானை அமுக்கினாள். திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது.

 வெளியே உரக்கடைக்காரர் யாரிடமோ மழை எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து இருபதுக்கு ஸ்கேன் முடிந்தது. நடுத்திரையில் பச்சை நிறத்தில் பெரிய பெட்டி வந்தது. பார்க்கப்பட்ட ஃபைல்கள் எண்பத்தோராயிரத்துச் சொச்சம். கண்டுபிடித்த வைரஸ் பூஜ்யம். உங்கள் கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கிறது. அடியில் ஓகே என்று ஒரு பொத்தான். வேறு பொத்தான் எதுவும் இல்லை.

கண்ணகி அதை அமுக்கினாள்.

உடனே மெஷின் கட்டவிழ்த்த கன்றுக்குட்டியாகத் துள்ளியது. இவ்வளவு நேரம் அவள் அமுக்கினதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. வங்கியின் பக்கம் ஒரே நொடியில் முழுசாகத் திறந்து, விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பில் சொன்னது. பிரின்டர் கரகரவென்று ஓடி ஒரு தாளைத் துப்பியது. ஜீவாவின் படம், ஜீவாவின் ரிஜிஸ்டர் நம்பர்.

கண்ணகி தாளை எடுத்தாள். கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழ் வரை ஒரு தரம் வாசித்துப் பார்த்தாள். பிறகு ஜீவாவிடம் நீட்டினாள்.

"பேரு சரியா கீதான்னு பாத்துக்கோ" என்றாள்.